ஜேஎம்எக்ஸ்: எதைக் காட்டுவது, எதன் சாவியைக் கொடுப்பது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மீன் ஏலம் முடிந்த கையோடு விலையையும் எடையையும் வியாபாரிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஜாவா செயலி ஒன்றை ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்பில் எழுதியிருக்கிறார். விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரைதான் அதற்கு நெரிசல் நேரம். வரிசையில் எத்தனை செய்திகள் தேங்கியிருக்கின்றன என்று வெளியிலிருந்து பார்க்க வேண்டும். செயலியை நிறுத்தாமலேயே அனுப்பும் த்ரெட்களின் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலைச் சரடுகளின்) எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். ஓடும் ஜாவா செயலியை வெளியிலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் வசதிதான் ஜேஎம்எக்ஸ். கிளாஸின் எல்லா மெத்தடுகளுக்கும் அதன் அனோடேஷனை, அதாவது 'இதை வெளியே காட்டு' என்ற குறிப்பை, போட்டுவிட்டார். ஆனாலும் ஜேஎம்எக்ஸ் விவரங்களைத் திரையில் காட்டும் ஜேகன்சோல் கருவியில் ஒன்றும் தெரியவில்லை. "ஏன் தெரியவில்லை? எதைப் பண்பாகக் காட்டுவது, எதைச் செயலாகக் காட்டுவது?" என்பது கேள்வி.

முதல் பாதிக்கு விடை சின்னது. 2019-இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.2 பதிப்பிலிருந்து ஜேஎம்எக்ஸ் தானாக இயங்காது. அமைப்புக் கோப்பில் 'ஸ்பிரிங்.ஜேஎம்எக்ஸ்.எனேபிள்டு' என்ற மதிப்பை 'ட்ரூ' என்று நீங்களே வைக்க வேண்டும். வைத்த பிறகும் தெரியாவிட்டால் இரண்டைப் பாருங்கள். அந்தப் பொருளை ஸ்பிரிங் உருவாக்கியதா, அல்லது நீங்களே 'நியூ' போட்டு உருவாக்கினீர்களா? நீங்கள் உருவாக்கியதை ஸ்பிரிங் அறியாது. அறியாததைப் பதிவும் செய்யாது. அடுத்து, செயலியை இயக்கும் அதே பயனர் பெயரில்தான் ஜேகன்சோலையும் திறந்திருக்கிறீர்களா? பயனர் வேறாக இருந்தால் உள்ளூர் இணைப்பே கிடைக்காது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பாதியைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். உங்கள் கேள்வியில் 'எல்லா மெத்தடுகளுக்கும்' என்ற சொற்களைப் படித்ததும் எனக்கு வயிற்றில் புளி கரைந்தது.

நம் மாவட்டத்து வீராணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியின் முழு நீர்மட்டம் 47.5 அடி. தினமும் காலையில் நாளிதழைத் திறந்தால் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கனஅடி, சென்னைக்கு அனுப்புவது இத்தனை கனஅடி என்று போட்டிருக்கிறார்கள். காட்டுமன்னார்கோவில் விவசாயியும் படிக்கலாம், புதுச்சேரியில் உட்கார்ந்திருக்கும் நானும் படிக்கலாம். எத்தனை பேர் படித்தாலும் ஏரியில் ஒரு சொட்டு கூடாது, குறையாது. பண்பு என்பது அதுதான். மதகின் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் வேறு விஷயம். அதன் சாவி மதகைக் கவனிக்கும் ஊழியரான லஸ்கரிடம் இருக்கும்; எத்தனை அங்குலம் ஏற்றினார், எத்தனை மணிக்கு ஏற்றினார் என்று பதிவேட்டில் எழுதப்படும். செயல் என்பது அது. அளவுகோலைப் படிப்பதற்காகக் கரையில் நிற்கும் எல்லோருக்கும் ஷட்டர் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதுதான், எல்லா மெத்தடுக்கும் அனோடேஷன் போடுவது.

ஜேஎம்எக்ஸ் இந்த வேறுபாட்டை மெத்தடின் பெயரை வைத்தே முடிவு செய்கிறது. ஜேஎம்எக்ஸ் வெளியே காட்டும் பொருளுக்கு எம்பீன் என்று பெயர். சாதாரண எம்பீனுக்கு, வெளியே தெரிய வேண்டிய மெத்தடுகளைப் பட்டியலிடும் ஓர் இன்டர்ஃபேஸ் எழுதுகிறோம். கிளாஸின் பெயரோடு 'எம்பீன்' என்று சேர்த்ததே அதன் பெயர். அதில் 'கெட்' என்று தொடங்கி, உள்ளே எதையும் வாங்காமல் ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் மெத்தட் படிக்கக்கூடிய பண்பாகிறது. பூலியன் என்றால் 'இஸ்' என்றும் தொடங்கலாம். ஒரே ஒரு மதிப்பை வாங்கி எதையும் திருப்பித் தராத 'செட்' மெத்தட் இருந்தால் அது மாற்றக்கூடிய பண்பு. மற்றவை எல்லாம் செயல்கள். பெயர் 'கெட்' என்றே தொடங்கினாலும் உள்ளே ஒரு மதிப்பை வாங்கினால் அது செயல்தான். ஜாவாவின் சொந்த த்ரெட் எம்பீனில் ஒரு த்ரெட்டின் எண்ணைக் கொடுத்து விவரம் கேட்கும் மெத்தட் அப்படிப்பட்டது. ஸ்பிரிங்கில் பெயரைப் பார்த்து மட்டும் முடிவாவதில்லை, அனோடேஷனும் வேண்டும். கெட்டருக்கு ('கெட்' மெத்தடுக்கு) மட்டும் போட்டு செட்டரை ('செட்' மெத்தடை) விட்டால் பண்பு படிக்க மட்டுமே. பெரும்பாலும் உங்களுக்குத் தேவையானதும் அதுவே.

நான் சூடுபட்ட கதையைச் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நிலுவைச் செய்திகளின் எண்ணிக்கையைக் காட்ட ஒரு கெட்டர் எழுதினேன். தரவுத்தளத்தில் அந்த அட்டவணை முழுவதையும் எண்ணிச் சொல்லும் கெட்டர் அது. சோதனைச் சர்வரில் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. உண்மையான சர்வரில் அட்டவணை பெரிது. மூன்று பேர் ஜேகன்சோலில் அந்தப் பண்பின் வரைபடத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். ஜேகன்சோல் இயல்பாக நான்கு விநாடிக்கு ஒருமுறை கேட்கும். ஒரு எண்ணிக்கை முடிவதற்குள் அடுத்தது வந்து, அதன் தலைமேல் இன்னொன்று ஏறி, தரவுத்தளம் மூச்சுவாங்கியது. நோய் என்ன என்று தெரிந்துகொள்ள மேலும் இரண்டு பேர் ஜேகன்சோலைத் திறந்தார்கள். நோயே அதுதான் என்று பிடிபட எங்களுக்கு ஒரு மதியம் பிடித்தது.

அன்றிலிருந்து என் கெட்டர்கள் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை எடுத்துக் கொடுப்பதோடு சரி. தரவுத்தளத்தைத் தொடாது, வலையைத் தொடாது, பூட்டுக்காகக் காத்திருக்காது. தரவுத்தளத்து எண் கட்டாயம் வேண்டுமென்றால் பின்னணியில் நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணி ஒரு மாறியில் வைத்துவிட்டு, கெட்டர் அந்த மாறியைப் படிக்கட்டும். எப்போது எண்ணியது என்பதை இன்னொரு பண்பாகப் பக்கத்திலேயே வையுங்கள். 'காலை 8 மணி நிலவரப்படி' என்று நாளிதழ் போடுகிறதே, அப்படி. நினைவகத்திலேயே இருக்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். ஜாவாவின் வரிசை வகைகளில் லிங்க்டு பிளாக்கிங் கியூ தன் அளவைக் கையில் வைத்திருக்கும், கேட்டதும் சொல்லும். கன்கரன்ட் லிங்க்டு கியூவோ அளவைக் கேட்டால் தலையிலிருந்து வால்வரை நடந்து எண்ணும்.

இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். கெட்டரைக் கூப்பிடுவது உங்கள் செயலியின் த்ரெட் அல்ல, ஜேஎம்எக்ஸ் இணைப்புக்கான வேறொரு த்ரெட். சாதாரண முழு எண் மாறியைப் பத்து த்ரெட்கள் கூட்டிக்கொண்டிருக்க, பதினோராவது த்ரெட் வந்து படித்தால் பழைய எண் வரலாம். சில கூட்டல்கள் வழியிலேயே தொலைந்தும் போகலாம். எண்ணிக்கைகளுக்கு, பல த்ரெட்கள் கூட்டினாலும் பிசகாத அட்டாமிக் லாங் அல்லது லாங் ஆடர் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் செயலியில் எவற்றைப் பண்பாகக் காட்டுவது? விடியற்காலை நான்கு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போனை எடுப்பவருக்கு எது வேண்டும் என்று நினைத்துப் பார்த்தால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். வரிசையின் நீளம் வேண்டும். செயலி தொடங்கியதிலிருந்து அனுப்பியவை, தவறியவை என்ற இரண்டு மொத்தங்கள் வேண்டும். 'நிமிடத்துக்கு எத்தனை' என்று நீங்களே வகுத்துக் கொடுக்காதீர்கள். மொத்தத்தைக் கொடுத்தால் பார்ப்பவர் தமக்கு வேண்டிய இடைவெளியில் இரண்டு முறை படித்துக் கழித்துக்கொள்வார். செயலி மறுபடி தொடங்கினால் மொத்தம் பூஜ்யமாகும். அது எப்போது நடந்தது என்பதை ஜாவாவின் சொந்த ரன்டைம் எம்பீன் தொடக்க நேரமாகக் காட்டுகிறது, நீங்கள் தனியாக எழுத வேண்டாம். நினைவகப் பயன்பாடு, த்ரெட் எண்ணிக்கை ஆகியவையும் அப்படியே. 2004-இல் வந்த ஜாவா 5-லிருந்து இவை இலவசமாகக் கூடவே வருகின்றன.

நான் மிகவும் மதிக்கும் பண்பு இவற்றில் எதுவும் இல்லை. 'கடைசியாக ஒரு செய்தி வெற்றிகரமாகப் போன நேரம்' என்பதுதான் அது. வரிசை நீளம் பூஜ்யம் என்றால் எல்லாம் ஓடிமுடிந்துவிட்டது என்றும் பொருள். ஏலக்கூடத்திலிருந்து எதுவுமே வந்துசேரவில்லை என்றும் பொருள். ஏரி வற்றியதா, அளவுகோல் உடைந்ததா என்று அந்த ஒரு எண் சொல்லாது. கடைசி வெற்றி நான்கு மணி இரண்டு நிமிடம், இப்போது நான்கு முப்பது, ஏலமோ நடந்துகொண்டிருக்கிறது என்று பார்த்தவுடன் விஷயம் விளங்கிவிடும். அந்த நேரத்தை 1970 முதல் கணக்கிட்ட மில்லிவிநாடியாக மட்டும் காட்டாதீர்கள், மனிதர் படிக்கும் வடிவிலும் ஒன்று இருக்கட்டும். சர்வர் யூடிசி நேரத்தில் ஓடினால் நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதனால் நேர மண்டலத்தையும் கூடவே எழுதிவிடுங்கள்.

பல எண்களை ஒரே கணத்தில் எடுத்த படமாகக் காட்ட வேண்டியிருந்தால் எம்எக்ஸ்பீன் என்ற இன்னொரு வகை எம்பீன் உதவும். தனித்தனிப் பண்புகளை ஜேகன்சோல் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் படிக்கிறது. முதல் எண்ணைப் படித்து அடுத்ததற்குப் போவதற்குள் நூறு செய்திகள் போயிருக்கலாம். கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். ஜாவாவின் மெமரி எம்பீனைப் பாருங்கள். ஹீப் (பொருள்கள் தங்கும் நினைவகப் பகுதி) பயன்பாடு என்ற ஒரே பண்புக்குள் தொடக்க அளவு, இப்போது பயன்படுவது, ஒதுக்கியது, உச்சம் என்று நான்கு எண்கள் கட்டாக வருகின்றன. ஜாவா 6-லிருந்து நாமும் அப்படி எழுதலாம். நீங்கள் எழுதிய கிளாஸைப் பொதுவான கூட்டுத் தரவு வடிவுக்கு எம்எக்ஸ்பீன் தானே மாற்றிவிடுகிறது. ஆகவே பார்ப்பவரின் கணினியில் உங்கள் ஜார் கோப்பு இருக்க வேண்டியதில்லை. சாதாரண எம்பீனில் சொந்த கிளாஸைத் திருப்பித் தந்தால் அந்தப் பக்கத்தில் பிழைதான் வரும்.

இனிச் செயல்கள். உங்களுக்கு மூன்று போதும் என்பது என் எண்ணம்: அனுப்புவதை நிறுத்திவை, மீண்டும் தொடங்கு, தவறியவற்றை மறுபடி வரிசையில் சேர். முதலிரண்டையும் ஒருவர் இருமுறை அழுத்தினாலும் கெடுதல் வரக்கூடாது. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் 'நிறுத்தித்தான் இருக்கிறது' என்று பதில் வரட்டும். மூன்றாவதில்தான் ஆபத்து. பதற்றத்தில் இருமுறை அழுத்துவது மனித இயல்பு. ஒரே வியாபாரிக்கு வஞ்சிர விலை இருமுறை போனால், மீன் இரண்டு கூடையா ஒரு கூடையா என்று காலை ஆறு மணிக்கு உங்களுக்குத்தான் அழைப்பு வரும். சேர்க்கும்போதே அந்தச் செய்தியின் நிலையை 'தவறியது' என்பதிலிருந்து 'வரிசையில்' என்று மாற்றிவிட்டால் இரண்டாவது அழுத்தல் வெறுமையாகப் போகும்.

ஒவ்வொரு செயலும் என்ன செய்தது என்று ஒரு வரி திருப்பித் தரட்டும்: '312 செய்திகள் வரிசையில் சேர்ந்தன, 4 செய்திகளில் எண் தவறு' என்பது போல. ஒன்றும் சொல்லாத செயலை அழுத்தியவர், நடந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் அழுத்துவார். நேரம் பிடிக்கும் வேலை என்றால் அதைப் பின்னணியில் தொடங்கிவிட்டு உடனே பதில் சொல்லுங்கள். முன்னேற்றத்தை ஒரு பண்பில் காட்டுங்கள். உள்ளே வாங்கும் மதிப்புகள் எண், எழுத்து, பூலியன் என்று எளியவையாக இருக்கட்டும். உங்கள் சொந்த கிளாஸைக் கேட்டால் ஜேகன்சோலில் அந்தப் பொத்தானை அழுத்தவே முடியாது. சாதாரண எம்பீனில் அந்த மதிப்புகளின் பெயர் பி1, பி2 என்றுதான் தெரியும். எது நிமிடம், எது எண்ணிக்கை என்று நான்கு மணிக்கு யார் ஊகிப்பது? ஸ்பிரிங்கில் பெயரும் விளக்கமும் கொடுக்கத் தனி அனோடேஷன் இருக்கிறது. விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம், ஜாவாவுக்கு ஆட்சேபம் இல்லை.

'வரிசையைக் காலி செய்' என்ற செயலை வைக்கலாமா என்றால், நான் வைக்க மாட்டேன். வைத்தே ஆக வேண்டுமென்றால் 'எத்தனை நிமிடத்துக்கு மேல் பழையவை' என்ற எண்ணைக் கட்டாயமாக்குங்கள். அப்போது வெறும் பொத்தானைத் தவறி அழுத்தி வரிசையைக் காலியாக்கிவிட முடியாது.

த்ரெட் எண்ணிக்கைக்கு வருவோம். இது மாற்றக்கூடிய பண்பு, ஆனால் பார்ப்பதைப் போல எளிதல்ல. த்ரெட்களை நிர்வகிக்கும் ஜாவாவின் த்ரெட்பூல் எக்ஸிக்யூட்டரில் அடிப்படை எண், உச்ச எண் என்று இரண்டு உண்டு. வரிசைக்கு எல்லை வைக்காமல் விட்டிருந்தால் உச்ச எண்ணை எவ்வளவு உயர்த்தினாலும் ஒரு த்ரெட்டும் அதிகமாகாது. வரிசை நிரம்பினால்தான் அடிப்படைக்கு மேல் புதிய த்ரெட் பிறக்கும், எல்லையில்லாத வரிசையோ நிரம்புவதே இல்லை. அங்கே வேலை செய்வது அடிப்படை எண்தான். இரண்டையும் மாற்றும்போது வரிசைமுறை முக்கியம். கூட்டும்போது உச்சத்தை முதலில் கூட்டுங்கள், குறைக்கும்போது அடிப்படையை முதலில் குறையுங்கள். மாற்றிச் செய்தால் அடிப்படை உச்சத்தை மிஞ்சி, எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். ஆகவே இரண்டு செட்டர்களையும் நேரடியாகத் திறந்துவிடாமல் உங்கள் சொந்தச் செட்டர் ஒன்றை எழுதி, அதற்குள் எல்லையைச் சரிபாருங்கள். குறுஞ்செய்தி நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் என்று ஒரு வரம்பு இருக்கும் அல்லவா? அதற்கு மேல் போனால் செட்டரே மறுக்கட்டும். பழைய எண், புதிய எண், நேரம் மூன்றையும் லாக்கில் எழுதட்டும். லஸ்கரின் பதிவேடு அதுதான். ஜேஎம்எக்ஸ் வழியே மாற்றியது நினைவகத்தில் மட்டுமே நிற்கும். செயலி மறுபடி தொடங்கினால் அமைப்புக் கோப்பின் பழைய எண்ணே திரும்ப வரும். இரவில் எட்டு என்று மாற்றி நிம்மதியாகத் தூங்கிவிட்டு, மறுநாள் அது மூன்றாகக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்தவர்களில் நானும் ஒருவன்.

பெயர் வைப்பது பற்றிச் சுருக்கமாக: நிறுவனத்தின் தலைகீழ் டொமைன், பிறகு 'டைப்', பிறகு 'நேம்' என்ற வரிசை. ஒரே டாம்கேட் சர்வரில் இரண்டு செயலிகள் ஒரே பெயரில் பதிய முயன்றால் இரண்டாவது விழும். கையால் பதிவு செய்திருந்தால் செயலி நிற்கும்போது பதிவை நீக்குவதும் உங்கள் கடமை. இல்லாவிட்டால் பழைய கிளாஸ்கள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் பதிவு செய்ததை ஸ்பிரிங்கே நீக்கிவிடும்.

ஜேஎம்எக்ஸில் நோட்டிஃபிகேஷன், அதாவது ஏதாவது நடந்ததும் தானாகப் போகும் அறிவிப்பு, என்றும் ஒன்று உண்டு, அதைச் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஏற்றிய கணத்தைப் பார்க்காதவரும் ஒரு மணி நேரம் கழித்துக் கரைக்கு வந்து, எத்தனையாம் எண் கூண்டு தொங்குகிறது என்று நிமிர்ந்து பார்த்துக்கொள்வார். நோட்டிஃபிகேஷன் அப்படித் தொங்காது. அந்த நேரத்தில் இணைப்பில் இருந்தவருக்குத்தான் வரும்; சர்வர் சேமித்துவைக்கும் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு, அது நிரம்பினால் பழையவை போய்விடும். ஆகவே நோட்டிஃபிகேஷன் அனுப்பினாலும் நிலையை ஒரு பண்பாகவும் தொங்கவிடுங்கள். உங்கள் அளவுக்குப் பண்பு மட்டுமே போதும்.

வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று சர்வரில் ஜேஎம்எக்ஸ் போர்ட்டைத் திறந்து, கடவுச்சொல்லையும் எஸ்எஸ்எல் மறையாக்கத்தையும் 'ஃபால்ஸ்' என்று வைக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். செய்யாதீர்கள். பாதுகாப்பில்லாத ஜேஎம்எக்ஸ் போர்ட்டுக்குள் நுழைந்தவர் உங்கள் எண்ணிக்கைகளைப் படிப்பதோடு நிற்கமாட்டார். தன் சொந்த நிரலையே உங்கள் சர்வரில் ஏற்றி ஓட்ட வழி இருந்திருக்கிறது. திறந்தே ஆக வேண்டும் என்றால் கடவுச்சொல் கோப்பும் அனுமதிக் கோப்பும் வையுங்கள். அனுமதிக் கோப்பில் 'ரீட்ஒன்லி', 'ரீட்ரைட்' என்ற இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் இருப்பவர் பண்புகளைப் படிக்கலாம். எந்தச் செயலையும் அழைக்க முடியாது, எதையும் மாற்ற முடியாது. கரையில் நின்று அளவுகோலைப் படிப்பவருக்கு ரீட்ஒன்லி, லஸ்கருக்கு ரீட்ரைட். ஒரு சின்னச் சங்கடமும் உண்டு: த்ரெட்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கின்றனவா என்று கண்டுபிடிக்கும் மெத்தட் யாருக்கும் தீங்கு செய்யாது, ஆனாலும் பெயரளவில் அது செயல் என்பதால் ரீட்ஒன்லி பயனருக்கு மறுக்கப்படும்.

என் வழி எஸ்எஸ்எச் சுரங்கம், அதாவது சர்வருக்கு இருக்கும் மறையாக்கிய எஸ்எஸ்எச் இணைப்புக்குள்ளேயே ஜேஎம்எக்ஸையும் அனுப்புவது. சர்வரின் தீச்சுவரில் ஜேஎம்எக்ஸுக்கு எதையும் திறப்பதில்லை. இங்கும் ஒரு கண்ணி உண்டு: ஜேஎம்எக்ஸ் தொலைவிலிருந்து பேசப் பயன்படுத்தும் ஆர்எம்ஐ முதல் போர்ட்டில் கைகுலுக்கிவிட்டு, பேச்சுக்கு வேறொரு போர்ட்டைத் தன்னிச்சையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். சுரங்கம் ஒன்றுக்குத்தான் போட்டிருப்பீர்கள், இணைப்பு பாதியில் தொங்கும். 'ஜேஎம்எக்ஸ்ரிமோட்.போர்ட்', 'ஜேஎம்எக்ஸ்ரிமோட்.ஆர்எம்ஐ.போர்ட்' இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுங்கள். ஆர்எம்ஐ ஹோஸ்ட்நேமை 127.0.0.1 என்று வையுங்கள். பிறகு உங்கள் மடிக்கணினியில் அதே எண்ணுக்குச் சுரங்கம் போட்டு ஜேகன்சோலைத் திறந்தால் வேலை செய்யும்.

ஜேஎம்எக்ஸுக்கு ஞாபகசக்தி கிடையாது, இந்தக் கண எண்ணை மட்டுமே சொல்லும். நேற்று விடியற்காலை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் அளவீடுகளைச் சேமித்துவைக்கும் புரோமிதியஸின் ஜேஎம்எக்ஸ் எக்ஸ்போர்ட்டரைச் சேர்த்து, மேலே சொன்ன நான்கைந்து பண்புகளை மட்டும் விதியில் எழுதுங்கள். இந்த வாரம் அது வேண்டாம். முதலில் 'எனேபிள்டு' மதிப்பை மாற்றி, மெத்தடுகளுக்குப் போட்ட அனோடேஷன்களை எல்லாம் எடுத்துவிட்டு, கடைசி வெற்றி நேரத்துக்கு மட்டும் ஒன்று போட்டு, நாளை ஏலத்தின்போது அதைப் பாருங்கள் தம்பி.